ஆறிப்போன சாட்சியம்

தொப்பியைக் கழற்றிய பிறகும் ஞானசௌந்தரியின் வலது கை விரியவில்லை. எதையோ இறுகப் பிடித்திருப்பதுபோல விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. நூர்தீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டான். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. விரல் நீவிவிடுவது அவனாகச் சேர்த்துக்கொண்டது.

"என்னக்கா, கம்பியா?"

"கேட்டுக் கம்பி. ஆஸ்பத்திரி கேட்டு."

குரல் கம்மிப்போயிருந்தது. அவள் கத்தவே இல்லை. கத்தியவள் பவளக்கொடி, கடலுக்கு அப்பால் மாரவத் தீவில் கிராம்புத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். அதுவும் போன வருஷம். ஆனால் தொண்டை புண்ணானது இங்கே, இந்தக் குளிர்ந்த அறையில், நாற்காலியில் சாய்ந்திருந்த ஞானசௌந்தரிக்கு.

"பெட்டி பச்சை காட்டிடுச்சு. நீங்களும் சொல்லிட்டா முடிச்சிரலாம்."

"உண்மைதான், நூர்தீன். கற்பனை ஒரு துளிகூட இல்ல."

அவள் உலகப் பாகுபாட்டு விசாரணை ஆணையத்தில் பரிசோதகர். தங்கள் சொந்தக் குடிமக்களையே இனம் பார்த்து, நிறம் பார்த்து, பிறப்புப் பார்த்து ஒதுக்குகிற அரசுகளின் மேல் வரும் புகார்களை ஆணையம் விசாரித்தது. முன்பெல்லாம் அரசுகள் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, சாட்சி பொய் சொல்கிறார். தொப்பி வந்த பிறகு அந்தப் பதில் செல்லாமல் போயிற்று. புகார் சொல்கிறவர் தன் ஊரில் உள்ள கூண்டில் உட்கார்ந்து ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்ததை நினைத்தால் போதும். அதே நேரம் ஆணையத்தில் இன்னொரு தொப்பியை மாட்டிக்கொண்டிருக்கும் பரிசோதகர் அதை அப்படியே அனுபவிப்பார். நடுவில் இருக்கும் பெட்டி, நினைவு உண்மையா புனைவா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். பெட்டியில் எதுவும் தங்காது. "அது குழாய்க்கா, தொட்டி இல்ல" என்பான் நூர்தீன். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத்தான் போகும்.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. கொடுத்தவருக்கு நடந்தது மறக்காது, ஆனால் எரியாது. சூடு முழுவதும் பரிசோதகர் பக்கம் வந்துவிடும். ஆணையத்தின் விளம்பரச் சுவரொட்டிகளில் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'சாட்சியம் ஆறுதல் தரும்.' வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞானசௌந்தரிக்கு அந்த வாசகம் பிடித்திருந்தது. அவர்கள் ஏற்கெனவே பட்டது போதும், மிச்சத்தை நான் பட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தாள். நாகர்கோவிலில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

இப்போது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தனித் தம்ளரில் தண்ணீர் ஊற்றியது தனக்கா, வேறு யாருக்கோவா என்று சில சமயம் குழம்பும். பேருந்தில் சீருடை போட்டவர் யாராவது ஏறினால் உடம்பு தானாக ஒடுங்கும். கணவர் ஜெயசிங் ஒரு தடவை, "எந்தப் பிள்ளைய நெனச்சு இப்பம் அழுதுட்டு இருக்க?" என்று கேட்டார். நமக்குப் பிள்ளையே இல்லையே என்ற எண்ணம் வர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

பவளக்கொடியின் நினைவு அதற்கெல்லாம் மேலே போய்விட்டது. அவளுடைய தங்கை தெய்வானை, நிறைமாதக்காரி. இடுப்புவலி எடுத்து மாவட்டப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்கு அங்கே பின்பக்கக் கேட்டுதான். முன்வாசலில் வந்தவர்கள் எல்லாரையும் பார்த்து முடித்த பிறகே அது திறக்கும். வெயில் ஏறுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துப் பேசுகிறார்கள். பவளக்கொடி கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்துகிறாள். காவலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறான். மடியில் கிடந்த தெய்வானையின் தலை கனக்கத் தொடங்குகிறது. அந்தக் கனம் ஞானசௌந்தரியின் தொடையை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஆணையத்தின் இயக்குநர் ஆவா டியாலோ அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவரும் ஒரு காலத்தில் பரிசோதகராக இருந்தவர்தான்.

"மாரவத் தீவிலிருந்து வந்த புகார்கள் அத்தனையும் உண்மை என்று நிரூபணமாகிவிட்டன. வேறு எந்த நாட்டிலிருந்தும் இவ்வளவு வந்ததில்லை. ஆனால் ஒருவர்கூட விசாரணைக்கு நேரில் வரச் சம்மதிக்கவில்லை" என்றார் டியாலோ. "புகார் கொடுத்தவர் நேரில் வந்து வலியுறுத்தினால்தான் தீர்ப்பு அந்த அரசைக் கட்டுப்படுத்தும். விதி உனக்குத் தெரியும்."

"மிரட்டியிருப்பாங்களோ?"

"அதைத்தான் நீ போய்ப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமாக நீ வாங்கியது எல்லாம் பவளக்கொடி இருக்கும் கல்லருவித் தோட்டத்து நினைவுகள்தானே, அவ்வளவும் உன் தலையில்தான் இருக்கிறது. அவர்கள் பேசுவதும் உன் மொழி."

நூர்தீன் பெட்டியையும் தொப்பிகளையும் எடுத்துக்கொண்டு கூட வந்தான்.

தோட்டத்தில் இறங்கியதும் ஞானசௌந்தரிக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்த லயத்தில் எந்தக் கதவு என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. பவளக்கொடி வாசலில் சாக்கு விரித்துக் கிராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது ஞானசௌந்தரிக்கு.

"வாங்கம்மா, ஆணையத்து ஆளுகளா? நெழல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

"தெய்வானை விஷயமா வந்தேன்." ஞானசௌந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, என் தங்கச்சி. போன வருசம் தவறிருச்சு. கேட்டுல கெடந்தோம், தொறக்கல. வயித்துல இருந்ததும் போயிருச்சு." அடுத்த லயத்தில் ஆடு செத்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் பவளக்கொடி தேநீரில் சீனியைக் கலக்கினாள்.

"உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"மெரட்டவா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே."

"அப்போ விசாரணைக்கு வாங்க, பவளக்கொடி. நீங்க நேர்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த அரசாங்கம் அந்தக் கேட்டை எடுத்தே ஆகணும்."

பவளக்கொடி சங்கடமாகச் சிரித்தாள். "அம்புட்டுத் தூரம் எங்கம்மா வாரது? பறிப்பு நேரம் வேற. ஒரு காலத்துல நெஞ்சு வெந்துக்கிட்டுத்தான் கெடந்தேன். சோறு எறங்காது. தொப்பி போட்ட அன்னைக்கு எல்லாம் எறங்கிருச்சு. இப்ப நல்லாத் தூங்குறேன். உங்க புண்ணியம்."

அவள் மனதார நன்றி சொன்னாள். ஞானசௌந்தரி தேநீரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசலில் தெய்வானைக்காகத் துக்கப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதை. கடைத்தெருவில் செருப்போடு நடந்ததற்காக அடிபட்டவர், பள்ளியில் மகளுக்கு இடம் மறுக்கப்பட்டவர், குடியுரிமை அட்டை கேட்டு மண்டியிட்டவர். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் நன்றி சொன்னார்கள். ஒருவருக்கும் கோபம் இல்லை.

தோட்டத்து முக்கில் பூட்டிக் கிடந்த தொழிற்சங்கக் கொட்டகையின் வாசலில் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தான். அவன் வீரணன், தெய்வானையின் புருஷன். லயத்தில் அவனுக்குப் பைத்தியம் என்று பேர்.

"நீங்க தொப்பி போடலையா?" என்று ஞானசௌந்தரி கேட்டாள்.

"நான் எதுக்குப் போடணும்? என் பொஞ்சாதி செத்ததுக்கு எனக்கு எரியுது. எரியட்டுமே. அதைத் தூக்கி உங்க கையில குடுத்துட்டு நான் வெறுங்கையா வீட்டுக்குப் போகணுமா?" அவன் எழுந்து நின்றான். "இந்தக் கொட்டகை எப்படி இருக்கும் தெரியுமாம்மா? எவனாச்சும் ஒருத்தனை ஒரு சொல்லு சொல்லிட்டா, பொழுது சாயுறதுக்குள்ள தோட்டமே இங்க கூடிரும். நாங்க கூடிக் கூடித்தான் ரேஷன் வாங்குனோம், ரோடு வாங்குனோம். இப்ப அடிவாங்குனவன் நேரா தொப்பிக் கூண்டுக்குப் போறான். வெளிய வந்து பீடியைப் பத்தவச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிர்றான். கூண்டை வச்சது யாரு? கவர்மெண்டு. கூட்டிட்டுப் போக பஸ் விடுறது யாரு? அதுவும் அவனுகதான். யோசிச்சீங்களா?"

ஞானசௌந்தரி கொட்டகையின் பூட்டைப் பார்த்தாள்.

"எங்க சனத்தோட கோவம் அம்புட்டையும் வாங்கிட்டுப் போயிட்டீங்க. அதை வச்சு என்னம்மா பண்ணீங்க?"

"சுமந்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

"சுமந்து?"



மறுநாள் தீவின் நல்லிணக்கத் துறைச் செயலர் பெலிசாரியைப் பார்க்கப் போனாள். கடலைப் பார்த்த அறை. மென்மையாகப் பேசுகிற மனிதர். அவரே எழுந்துவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"உண்மையைச் சொல்கிறேன், முதலில் உங்கள் தொப்பியை நாங்கள் கடுமையாக எதிர்த்தோம். மானம் போய்விடும் என்று பயந்தோம். இன்றைக்கு எங்கள் செலவில் தோட்டத்துக்குத் தோட்டம் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு ஒரு வேலைநிறுத்தம் இல்லை, ஒரு மறியல் இல்லை. உங்கள் ஆணையத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை."

"ஆஸ்பத்திரிப் பின்வாசலைப் பற்றி எங்கள் அறிக்கை இருக்கிறது."

"அது சரக்கு இறக்கும் வாசல். ஆனாலும் உங்கள் அறிக்கையை மிகுந்த அக்கறையோடு பரிசீலிப்போம்." பழரசத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "என் சிறு வயதில் இந்தத் தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது, அம்மா. நான் பார்த்திருக்கிறேன். இப்போது யாரும் சாவதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"தெய்வானை செத்தாள்."

"யார்?" என்று பெலிசாரி கேட்டார்.

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அவர் கொடியவராக இருந்திருந்தால் ஞானசௌந்தரிக்குக் கோபமாவது வந்திருக்கும். இவ்வளவு வருஷ அலுப்பும் மொத்தமாக வந்து தோளில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பழரசத்தைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

விருந்தினர் விடுதிக்குத் திரும்பும் வழியில், பெட்டியின் குழாயைத் திருப்பிப் போட முடியுமா என்று நூர்தீனிடம் கேட்டாள்.

"போடலாம்க்கா. கொடுக்கிற பக்கம் உங்க தொப்பி, வாங்குற பக்கம் அவங்க தொப்பி. அவ்வளவுதான். ஆனா கூடாது."

"விதியா?"

"விதி கிடக்கட்டும். அந்தப் பொம்பள நிம்மதியா இருக்கு. நல்லாத் தூங்குறேன்னு சொல்லுச்சுல்ல? மறுபடியும் கொண்டுபோய் நெருப்பைக் கொட்டுறதுக்கு நம்ம யாரு?"

"எடுத்தப்போ மட்டும் நாம யாரு, நூர்தீன்?"

"அவங்க கேட்டாங்க, எடுத்தோம்."

"அப்போ இதையும் கேட்டுக்கிட்டே கொடுப்போம். வேணாம்னா விட்டுருவோம்."

பவளக்கொடி அடுப்படியில் இருந்தாள். ஞானசௌந்தரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நேராகவே சொன்னாள்.

"உங்களுக்கு எறங்கினது எங்கிட்டத்தான் இருக்கு, பவளக்கொடி."

"என்னதும்மா?"

"தெய்வானை போன அன்னைக்கு உங்களுக்கு இருந்த துக்கம். கோபம். எல்லாம்."

பவளக்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னமுமா இருக்கு?"

"இருக்கு. அவ தலை இங்க கெடக்கிற மாதிரி." தொடையைத் தொட்டுக் காட்டினாள்.

"அழுவீங்களா?"

"அழுவேன்."

பவளக்கொடி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். பிறகு தணிந்த குரலில் பேசினாள். "எனக்கு வரலம்மா. அவ துணிமணி பொட்டியில கெடக்கு. திதி வந்துச்சேன்னு எடுத்துப் பாத்தேன். வெறும் துணியாத்தான் இருந்துச்சு. மூந்து பாத்தேன். அப்பவும் வரல. எம் மனசு கல்லாயிருச்சுன்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்கூடப் பொறந்தவளுக்கு எங்கேயோ இருக்கிற நீங்க அழுவுறீங்க. நான் இங்க கிராம்பு காயப் போட்டுக்கிட்டு இருக்கேன். இது என்னம்மா நியாயம்? குடுங்க."

"வலிக்கும்."

"தெரியாதா? எனக்குத்தானே வலிச்சுச்சு."

நூர்தீன் பெட்டியைத் திறந்தான்.

நினைப்பதற்கு ஞானசௌந்தரி சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கம்பி, வெயில், திருப்பிப் போட்ட நாற்காலி, கனத்த தலை. எல்லாம் வரிசையாக வந்து அவளைக் கடந்து போயின. போகப்போகத் தொடை லேசாயிற்று. கை தானாக விரிந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது பவளக்கொடி தரையில் விழுந்து கிடந்தாள். அவளிடமிருந்து வந்த அலறல் லயத்தின் கடைசி வீடு வரை போயிற்று. சனங்கள் ஓடிவந்தார்கள். யாரோ அவளைத் தூக்கப் போக, உதறித் தள்ளிவிட்டுத் துணிப்பெட்டியைத் திறந்து ஒரு சேலையை முகத்தில் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். "அடிப் பாவி மகளே, உன்னை வெளியவே போட்டுட்டானுகளே" என்று அழுதாள்.

ஞானசௌந்தரி ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் பசிக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த நல்ல பசி.

பவளக்கொடி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் செருப்புக்கூட இல்லாமல், ஆஸ்பத்திரி ரோட்டில் இறங்கி நடந்தாள். கொட்டகை வாசலிலிருந்து வீரணன் எழுந்து பின்னால் போனான். இருவரும் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் விடுதி வாசலில் ஆட்கள் நின்றார்கள். முன்னால் நின்றவர், செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிவாங்கியவர். பெயர் காத்தமுத்து.

"பவளம் புள்ளைக்கு அதோடதைத் திருப்பிக் குடுத்தீங்களாமே. என்னோடதும் உங்ககிட்டத்தானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப குடுங்க. என் மகன் என்னை ஒரு மாதிரிப் பாக்குறான் தாயி. இம்புட்டு நடந்தும் உனக்கு ரோசமே வரலையாப்பான்னு கேக்குறான். என்ன சொல்றதுன்னு தெரியல."

எல்லாரும் அப்படிக் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒரு கிழவர், "எனக்கு வேணாம்மா. நான் நிம்மதியாக் கண்ணை மூடணும்" என்று கும்பிட்டார். ஞானசௌந்தரியும் பதிலுக்குக் கும்பிட்டாள். அவருடையது அவளிடமே இருக்கட்டும் என்றால் அதுவும் சரிதான் என்று பட்டது. ஆனால் கிழவரின் பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்க, போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "சரி, குடுத்துருங்க. எனக்காக நீங்க எதுக்குச் சொமக்கணும்?" என்று உட்கார்ந்தார்.

நடுவில் டியாலோ தொலைபேசியில் வந்தார்.

"நீ என்ன செய்கிறாய் என்று மாரவத் தீவு அரசு எனக்குப் புகார் அனுப்பியிருக்கிறது. அவர்கள் நம் மேல் புகார் கொடுக்கிறார்கள், ஞானசௌந்தரி! இது பரவினால் ஆணையமே இருக்காது."

"தெரியும்."

"உன் வேலை போய்விடும்."

"அதுவும் தெரியும்."

பிறகு டியாலோ வேறு குரலில் பேசினார். "என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தையை ரயிலிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். யாருடைய குழந்தை, எந்த ஊர், ஒன்றும் ஞாபகம் இல்லை. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றுகூடத் தெரியவில்லை." நிறுத்தச் சொல்லாமலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கொடுத்துக் கொடுத்து ஞானசௌந்தரியின் தலைக்குள் இடம் விழுந்துகொண்டே வந்தது. சீருடைக்காரர்கள் ஜீப்பில் வந்து விடுதி முன்னால் நின்றபோது அவள் உடம்பு ஒடுங்கவில்லை. தனித் தம்ளர் தன்னுடையது அல்ல என்று தெளிவாகிவிட்டது. அது குடியுரிமை அட்டை கேட்டவரின் அக்காவுக்கு நடந்தது. வாங்கிக்கொண்ட ஒவ்வொருவரும் அங்கேயே அழுதார்கள், அல்லது சுவரில் குத்தினார்கள், அல்லது விறைத்துப்போய் எழுந்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே திசையில்தான் நடந்தார்கள்.

கல்லருவித் தோட்டத்தின் கடைசி நினைவும் போன பிறகு நூர்தீன் பெட்டியை மூடினான். "எப்படி இருக்குக்கா?"

"லேசா இருக்கு" என்றாள். அது பொய்யில்லை.

அப்போதுதான் பெலிசாரி வந்தார். களைத்துப்போயிருந்தார். விடுதி மாடியின் முகப்பில் நின்றால் ஆஸ்பத்திரிப் பின்வாசல் தெரியும். சுவர் நெடுக சனம். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கேட்டை உலுக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. தொப்பிக் கூண்டின் கதவில் யாரோ கொட்டகையின் பழைய பூட்டைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மறுபடியும் கூண்டுக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். "பாருங்கள் அவர்களை. நடந்து ஒரு வருஷம் ஆன விஷயம். சிலது பத்து வருஷம், இருபது வருஷம். இப்போது போய் இவ்வளவு கோபம் எதற்கு?"

ஞானசௌந்தரி கூட்டத்தைப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்குள்ளும் ஒரு கேள்வி எழுந்தது. தெய்வானையை நினைத்துப் பார்த்தாள். பத்திரிகையில் படித்த செய்தி மாதிரி இருந்தது. வெயில் இருந்தது, சூடு இல்லை. ஒரு பெண் இருந்தாள், கனம் இல்லை. இந்த மனிதர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது, அமைதியாகப் பேசித் தீர்க்கலாமே என்று தோன்றியது. தோன்றிய உடனே அவளுக்குப் பயம் வந்தது. தொப்பி போட்ட மறுநாளிலிருந்து லயத்தில் எல்லாரும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். இவரோ தொப்பி போடாமலேயே வாழ்நாள் முழுவதும் இப்படி இருந்திருக்கிறார்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"ஏன்? உங்களுக்கும் கோபமா?"

"இல்லை. எனக்கு ஒன்றுமே இல்லை."

மாடிப்படியில் இறங்கினாள். நூர்தீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவர, அதை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

பின்வாசலுக்குப் போகும் வழியில் போலீஸ் லாரிகள் நின்றிருந்தன. கூட்டத்துக்கு நடுவே வீரணன் தண்ணீர்க்குடத்தோடு சுற்றிக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்குக் கோபம் வந்த பிறகு அவனுக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தது. அவளைக் கண்டதும் வழிவிடச் சொன்னான்.

"உங்ககிட்ட இப்ப ஒண்ணும் இல்லையாமே. எல்லாம் குடுத்து முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க."

"ஆமா."

"என் பொஞ்சாதியை நெனச்சா வலிக்குதாம்மா?"

"இல்ல, வீரணன். வலிக்கல."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"வலிக்கலேங்கிறதால நடக்காமப் போயிருமா?" என்றாள்.

வீரணன் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

கேட் அன்று திறக்கவில்லை. ஆனால் முன்வாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போகிறபோது பார்த்தார்கள். ஒரு மருத்துவர் மாடி ஜன்னலைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, அங்கேயே நின்றார்.

பவளக்கொடி கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கிக் கிடந்தன. ஞானசௌந்தரி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"உங்க விசாரணைக்கு வாரேம்மா" என்றாள் பவளக்கொடி. "நான் மட்டும் இல்ல. காத்தமுத்தண்ணன், அந்தத் தாத்தா, எல்லாரும் வாரோம். தொறமொகம் வரைக்கும் பஸ்ஸு கவர்மெண்டுதானே விடணும்?"

"விட வைப்போம்."

"அங்கேயும் தொப்பி போடச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க. போடாதீங்க. வாயால சொல்லுங்க."

"வாயால சொன்னா நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள் என்று ஞானசௌந்தரிக்குத் தெரியும். ஆணையம் பிறந்ததே அதனால்தான். பழையபடி பொய் என்பார்கள், சாட்சி போதாது என்பார்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அலுத்துச் சலித்துத் தொண்டை வற்றும்வரை சொல்ல வேண்டியிருக்கும். கேட்கிறவர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

"முதல்ல எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமேம்மா. என் கண்ணால பாத்தவங்களாச்சே நீங்க."

"அந்த ஒரு நாள்தான் எனக்குத் தெரியும். தெய்வானையைத் தெரியாது. அவ எப்படிப்பட்ட பொண்ணு?"

பவளக்கொடி அவளைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சரியான அராத்தும்மா அவ. சின்னப்புள்ளையில எங்க கங்காணி இருக்கானே, அவன் சைக்கிள்ல காத்தைப் புடுங்கி விட்டுட்டு மரத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டா. அவன் கீழ நின்னு கத்துறான், இவ மேல இருந்து..."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. ஞானசௌந்தரி காத்திருந்தாள்.

"மேல இருந்து?" என்று கேட்டாள்.